பழைய போனிலிருந்து படம் வரவில்லை, அப்டேட் ஏறவில்லை: கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

வடசென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வீட்டுக்கு ஒரு பழைய போனாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காசிமேட்டில் படகேறுகிறவர் நல்ல போனை வீட்டில் வைத்துவிட்டுப் பழையதைத்தான் கடலுக்கு எடுத்துப் போவார். ஆயாவுக்கு பத்து வருஷத்துக்கு முந்தைய டச் போன்தான் கைக்குப் பழக்கம். பேரனின் காதுகுத்துப் படம், சீட்டுக் கணக்கு நோட்டைப் பிடித்து வைத்த படம், இறந்துபோனவர் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு எல்லாம் அதில்தான் இருக்கும். வேறு எங்கும் நகல் இருக்காது. இந்த வழிமுறை அப்படிப்பட்ட போன்களுக்காக.

ஒரு வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது முதல் வேலை, அப்டேட் அப்புறம். கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லை என்றதும், அப்டேட் போட்டால் தெரியும் என்று நினைத்துப் பலர் அதைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். பேட்டரி தளர்ந்த போன் அப்டேட்டின் நடுவில் அணைந்துவிட்டால், படங்களை எடுக்க இருந்த வழியும் அடைபட்டுப்போகும்.

"சார்ஜ் ஏறுது, கம்ப்யூட்டர்ல போன் வரல"

அதிகம் வருகிற புகார் இதுதான். முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பி வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவல் போய்வர. பவர் பேங்க், டிரிம்மர், புளூடூத் ஹெட்செட்டோடு வருகிற குட்டைக் கேபிள்கள் பலவற்றில் மின்சாரக் கம்பி இரண்டுதான் இருக்கும். அதில் சார்ஜ் ஏறும், படம் ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இன்னொரு போனை அதே கேபிளில், அதே கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் பழைய போனை விட்டுவிட்டுக் கேபிளை மாற்றுங்கள்.

கேபிள் நல்லதுதான் என்று தெரிந்ததும் சார்ஜ் போடும் ஓட்டையைப் பாருங்கள். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது தனி விஷயம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று எல்லா உலோகத்தையும் தின்கிறது, போனை மட்டும் விடுமா? இன்னொரு போனின் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். மைக்ரோ யூ.எஸ்.பி. ஜாக்கின் நடுவில் நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வரிசையாக ஐந்து கோடுகள். ஓரத்தில் இருக்கிற இரண்டும் மின்சாரத்துக்கு. தகவலுக்கானவை நடுப்பக்கம் இருக்கின்றன. நடுக் கோடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், சார்ஜ் மட்டும் ஏறி போன் தெரியாமல் போவதற்கு அதுவே போதும்.

சுத்தம் செய்யும்போது போனை அணைத்து, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். சட்டைப்பையின் பஞ்சு உள்ளே அழுந்திக் கிடக்கும். அதைப் பல் குத்தும் மரக்குச்சியால் ஓரமாக நெம்பி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். அந்த நாக்கு உடைந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டும். பூத்திருப்பதைப் போக்க, சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு இரண்டு மூன்று முறை தேய்த்து, நன்றாக உலரவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். பெட்ரோல், தின்னர், தேங்காய் எண்ணெய் எதையும் விடாதீர்கள். கேபிள் செருகினால் ஆடுகிறது, ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் காட்டுகிறது என்றால், சுத்தம் செய்து பயனில்லை. ஜாக்கை மாற்றுங்கள். பல மாடல்களில் அது தனிச் சின்ன போர்டில் இருப்பதால் மாற்றுவது பெரிய வேலை இல்லை.

ஜாக்கும் சரி, கேபிளும் சரி என்றால் போனின் திரையைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல், கம்ப்யூட்டரில் மாட்டினால் போன் தானாகச் சார்ஜ் மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும். யாராவது பொது இடத்தில் மாட்டித் தகவலைத் திருடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் "யூ.எஸ்.பி. சார்ஜிங்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" அல்லது "எம்.டி.பி." என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு 2.3 காலத்துப் போன் என்றால் முறையே வேறு. "யூ.எஸ்.பி. ஸ்டோரேஜை இயக்கு" என்ற பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலத் தெரியும்.

இதற்குப் பிறகும் வராவிட்டால் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புங்கள். மேசைக் கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டையில் மாட்டியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள், நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போன் பெயரில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்து, கேபிளைப் பிடுங்கி மறுபடி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். விண்டோஸின் "என்" (N) பதிப்பில் மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியாகப் போட வேண்டும். மேக்கில் ஆண்ட்ராய்டு போன் தானாகத் தெரியாது. ஓப்பன்எம்.டி.பி. போன்ற இலவச மென்பொருள் தேவை.

"போன் பேர் வருது, உள்ளே போனா ஒண்ணுமே இல்ல"

"தம்பி, போட்டோ எல்லாம் அழிஞ்சு போச்சா?" என்று பதறிக் கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: பதறாதீர்கள் அக்கா, ஒன்றும் அழியவில்லை. போன் லாக்கில் இருந்தால் கம்ப்யூட்டருக்குக் காலி ஃபோல்டரைத்தான் காட்டும். பேட்டர்ன் போட்டுத் திறந்து, திரையை அணையவிடாமல் வைத்து, கேபிளை மறுபடி மாட்டுங்கள்.

கேலரியில் இருக்கிற சில படம் மட்டும் கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் காரணம் வேறு. எம்.டி.பி. முறையில் கம்ப்யூட்டர் நேராகப் போனின் ஸ்டோரேஜைத் தொடுவதில்லை. போனிடம் பட்டியல் கேட்கிறது, போன் தன்னிடம் உள்ள பட்டியலைக் கொடுக்கிறது. அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் ஃபைல் இருந்தும் தெரியாது. போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மறுபடி பட்டியல் எடுத்துக்கொள்ளும்.

வாட்ஸ்அப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4.4-லும் அதற்குக் கீழேயும் வாட்ஸ்அப் ஓடாது. ஆப் திறக்காததால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். வந்த படமும் குரலும் போன் ஸ்டோரேஜிலேயே இருக்கின்றன. பழைய போன்களில் வாட்ஸ்அப் என்ற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் இமேஜஸ், வீடியோ, வாய்ஸ் நோட்ஸ் என்று தனித்தனியாக இருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் ஆண்ட்ராய்டு ஃபோல்டர், அதற்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் பெயருள்ள ஃபோல்டர் என்று இடம் மாறிவிட்டது. வாட்ஸ்அப் ஃபோல்டரை அப்படியே முழுதாக எடுத்து வையுங்கள்.

வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே தேதியும் வரிசை எண்ணுமாக ஓபஸ் என்று முடிகிற ஃபைல்கள். யார் பேசியது என்று பெயர் இருக்காது, தேதிதான் துப்பு. கம்ப்யூட்டரில் இரண்டு முறை கிளிக் செய்தால் சில நேரம் திறக்காது. ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வி.எல்.சி. பிளேயரில் போட்டால் பாடும். பட்டன் போனில் பதிந்த ஏ.எம்.ஆர். குரல் ஃபைல்களுக்கும் அதே வி.எல்.சி. போதும். போனவர்களின் குரலைத் தேடுகிறவர்கள் இந்த ஃபோல்டரைத்தான் முதலில் நகலெடுக்க வேண்டும். படத்துக்கு வேறு யாரிடமாவது பிரதி இருக்கலாம், குரலுக்குப் பெரும்பாலும் இருக்காது.

"பாதி போச்சு, அப்புறம் அப்படியே நிக்குது"

ஆயிரக்கணக்கான படம் இருக்கிற கேமரா ஃபோல்டரை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் பழைய போன் திணறும். முதலில் ஃபோல்டர் திறப்பதற்கே நேரம் எடுக்கும், மேலே பச்சைக் கோடு மெல்ல நகரும். அந்தக் கோடு முடிகிற வரை கை வைக்காதீர்கள். அப்புறம் ஒரு நூறு, நூற்றைம்பது படமாகப் பிரித்து எடுங்கள். 'நகர்த்து' கொடுக்காதீர்கள், 'நகலெடு' மட்டும். நகர்த்தும்போது நடுவில் கேபிள் ஆடினால் எது போனது, எது இருக்கிறது என்ற குழப்பம் வரும்.

எப்போதும் ஒரே ஃபைலில் வந்து நின்றால் அந்த ஃபைல் பழுது. அதை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். பெரிய வீடியோ ஒன்று மெமரி கார்டுக்குப் போகவே மாட்டேன் என்றால் அதன் அளவைப் பாருங்கள். 32 ஜி.பி. வரைக்குமான கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் போகாது, கார்டில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றால் கவலை வேண்டாம். படம் மெமரி கார்டில் இருந்தால், ஒரு கார்டு ரீடரும், அதைப் போனின் ஓட்டையில் மாட்ட உதவும் ஓ.டி.ஜி. கேபிளும் வாங்கிப் புதுப் போனில் மாட்டி நேராக ஏற்றிக்கொள்ளலாம். இரண்டுமே பர்மா பஜாரிலும் சாதாரண மொபைல் கடைகளிலும் கிடைக்கிற பொருள்தான். பழைய போனில் கேபிளோடு மல்லுக்கட்டுவதைவிட இது வேகமான வழி.

"கார்டை ஃபார்மேட் பண்ணச் சொல்லுது"

பண்ணாதீர்கள். போன் கேட்டாலும், கம்ப்யூட்டர் கேட்டாலும், 'கேன்சல்'தான்.

போனை அணைத்து, கார்டை எடுத்து, அதன் தங்க நிறக் கோடுகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். வேறொரு ரீடரிலும் பாருங்கள். எங்கேயும் திறக்கவில்லை என்றால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கார்டைத் துழாவி, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் படங்களை மீட்டுத் தரும். பழைய ஃபைல் பெயர்கள் வராது, ஆனால் படம் வரும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கம்ப்யூட்டரில் சேமியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு 6 முதல் சில போன்களில் கார்டைப் போனின் உள் ஸ்டோரேஜாகவே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி மாற்றிய கார்டு அந்தப் போனுக்கென்று பூட்டப்பட்டது. வெளியே எடுத்து எதில் போட்டாலும் ஃபார்மேட் கேட்கும். கார்டு நன்றாகத்தான் இருக்கும். மறுபடி அதே போனில் போட்டு, கேபிள் வழியாகவே படத்தை எடுங்கள். அந்தப் போனை ரீசெட் செய்துவிட்டால் கார்டில் உள்ளது யாருக்கும் கிடைக்காது.

புதிதாக வாங்கிய கார்டு இப்படிப் படுத்தினால் இரண்டு சாத்தியம். போன் 32 ஜி.பி.க்கு மேல் ஏற்காத பழைய வகையாக இருக்கலாம். இல்லையென்றால் கார்டே போலி. 128 என்று அச்சடித்து உள்ளே 8 ஜி.பி. மட்டும் இருக்கிற கார்டுகள் மலிவு விலையில் விற்கப்படுகின்றன. அதில் ஏற்றும்போது எல்லாம் ஏறியது போலவே காட்டும், திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதிப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். ஆயாவின் படங்களை ஏற்றுவதற்கு முன் காலிக் கார்டில் இந்தச் சோதனையைக் கட்டாயம் ஓட்டுங்கள்.

"புளூடூத்ல போகல"

இணையும்போது எண் கேட்டால் 0000 அல்லது 1234. அனுப்பும்போது வாங்குகிற போனின் திரையை மேலிருந்து இழுத்து 'ஏற்கிறேன்' அழுத்த வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் சிறிது நேரத்தில் 'தோல்வி' என்று வந்துவிடும். ஐபோனுக்கு ஆண்ட்ராய்டிலிருந்து புளூடூத்தில் படம் போகாது, முயற்சி செய்ய வேண்டாம். பழைய புளூடூத் நல்ல நிலையில் நிமிடத்துக்கு 15 எம்.பி. மாதிரிதான் கடத்தும். பத்துப் பதினைந்து படத்துக்குச் சரி. ஒரு ஜி.பி. என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குக் கேபிள்தான்.

முன்பு எல்லாரும் வைத்திருந்த ஷேர்இட், செண்டர் இரண்டும் 2020 ஜூனில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 59 ஆப்களில் அடங்கும். அதே பெயரில் யாராவது வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பினால் போட வேண்டாம். இரண்டு போனும் ஆண்ட்ராய்டு 6 அல்லது அதற்கு மேல் என்றால் கூகுளின் குவிக் ஷேர் பாருங்கள். நெட் இல்லாமலே வேலை செய்யும்.

"பட்டன் போன்ல இருக்கிற நம்பர் எல்லாம் வேணும்"

சிம்முக்கு நகலெடுத்தால் போதும் என்பார்கள். சிம்மில் வழக்கமாக 250 பெயர்தான் பிடிக்கும், ஒரு பெயருக்கு ஒரு எண்தான். நீளமான பெயர் வெட்டுப்படும். தமிழில் எழுதிய பெயர் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும், ஏனென்றால் அதற்கு எழுத்துக்கு இரண்டு மடங்கு இடம் வேண்டும். "ஐஸ் கம்பெனி பழனி"யும் "ஐஸ் கம்பெனி பாண்டி"யும் சிம்முக்குப் போனால் இரண்டுமே "ஐஸ் க" என்பது போல நிற்கக்கூடும். அப்புறம் யாருக்கு யார் பணம் கொடுக்க வேண்டும் என்று தெரியாது.

அதனால் கான்டாக்ட்ஸில் எல்லாவற்றையும் குறித்து, புளூடூத் வழியாகவோ மெமரி கார்டுக்கோ வி.சி.எஃப். ஃபைலாக (பெயரும் எண்ணும் சேர்ந்த ஃபைல்) அனுப்புங்கள். அந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் சமக்குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாகக் கலந்து தெரியும். அது கோளாறு இல்லை, பழைய வி.சி.எஃப். முறையில் தமிழை எழுதும் விதம் அது. அதில் எதையும் திருத்தாமல் அப்படியே புதுப் போனில் இம்போர்ட் செய்தால் பெயர்கள் தமிழாகிவிடும்.

ஐபோன்

கேபிள் மாட்டியதும் போன் திரையில் 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா' என்று கேட்கும். 'ஆம்' சொல்லாவிட்டால் எதுவும் தெரியாது. நகலெடுக்கும்போது நடுவில் "சாதனம் வேலை செய்யவில்லை" என்று விண்டோஸ் சொன்னால், போனில் செட்டிங்ஸ், ஃபோட்டோஸ் போய், கடைசியில் 'ஒரிஜினலையே வைத்திரு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும்போதுதான் அந்தச் சிக்கல் வருகிறது. ஐபோன் 5எஸ், 6 இரண்டும் ஐ.ஓ.எஸ். 12-க்கு மேல் போகாது. 6எஸ், 7 இரண்டும் 15-உடன் நிற்கும். வாட்ஸ்அப்புக்கு 2025 மே மாதத்திலிருந்து குறைந்தது 15.1 வேண்டும்.

"அப்டேட் தேடினா, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது"

இனி அப்டேட் பக்கம். படங்களை எடுத்து, திறந்து பார்த்து, இரண்டு இடத்தில் வைத்தாகிவிட்டதா? சரி, மேலே போகலாம்.

"உங்கள் மென்பொருள் புதியதாக உள்ளது" என்று போன் சொன்னால், அந்தப் போனுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த கடைசி அப்டேட் ஏற்கனவே வந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். கூகுள் புது ஆண்ட்ராய்டு வெளியிட்டால் அது எல்லாப் போனுக்கும் தானாக வருவதில்லை. சிப் செய்பவர் தன் பங்கைச் செய்து, போன் செய்பவர் தன் பங்கைச் செய்து, அப்புறம்தான் நம் கைக்கு வரும். இவர்களில் யார் நிறுத்தினாலும் அதோடு முடிந்தது. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் ஆண்ட்ராய்டு எண்ணையும் பாதுகாப்புப் பேட்ச் தேதியையும் பாருங்கள். அந்தத் தேதி பல வருஷம் பின்னால் இருந்தால், எந்தக் கடையில் கொடுத்தாலும் தயாரிப்பாளரின் அப்டேட் வராது. காசு வாங்கிக்கொண்டு "ஏத்தித் தரேன்" என்பவரிடம், எதை ஏற்றப் போகிறார் என்று கேளுங்கள்.

அந்தப் போனில் வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பணம் அனுப்பத்தான் வேண்டும் என்றால், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# அழைத்தால் பட்டன் போனிலும் யூ.பி.ஐ. நடக்கும், நெட் தேவையில்லை. பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

"டவுன்லோடு ஆரம்பிக்கவே மாட்டேங்குது"

முதலில் நெட். 3ஜி மட்டும் பிடிக்கிற போன் என்றால், தனியார் நிறுவனங்கள் 3ஜி-யை மூடிய பிறகு அது 2ஜி-யில்தான் நிற்கும். ஜியோவில் 2ஜி-யும் இல்லை. 2ஜி-யின் எட்ஜ் வேகம் ஏட்டுக் கணக்கிலேயே நொடிக்கு 236 கிலோபிட். 500 எம்.பி. அப்டேட்டுக்கு அதுவே நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடைமுறையில் பாதியிலேயே அறுந்துவிடும். வைஃபையில்தான் இறக்க வேண்டும்.

மகன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறார், மற்ற போனுக்கெல்லாம் தெரிகிறது, ஆயா போனில் மட்டும் பெயரே வரவில்லையா? ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. பழைய போன்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் பிடிக்கும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்டை 2.4-க்கு மாற்றுங்கள். பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால் பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.3-லிருந்து 2-க்கு மாற்றுங்கள்.

நெட் இருந்தும் பிரவுசரில் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வந்தால் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாக வற்றிய போன் 1970-க்கே போயிருக்கலாம். தேதி, மணி, இந்திய நேர மண்டலம் மூன்றையும் சரிசெய்தால் பாதிச் சிக்கல் தீரும். தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை, போன் ஆண்ட்ராய்டு 7.1-க்குக் கீழே என்றால், அதற்கு, தளம் உண்மையானது என்று போனுக்கு உறுதிசொல்லும் சான்றிதழ்தான் காரணம். ஏராளமான தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் மூல ஒப்பம் அந்தப் போன்களில் இல்லை. அதற்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒரு சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால், அது ஏற்கனவே இருக்கிற போனில் அதில் திறந்து பாருங்கள்.

பிளே ஸ்டோரில் "காத்திருக்கிறது" என்றே நின்றால், வரிசையில் இருக்கிற மற்ற அப்டேட்களை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் விடுங்கள். அப்புறமும் நின்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ் போய் பிளே ஸ்டோரின் கேஷை (தற்காலிகமாகச் சேர்த்து வைத்த தகவலை) அழித்துப் போனை அணைத்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டு 4.4-க்கு கூகுள் பிளே சர்வீசஸ் 2023-லேயே நின்றுவிட்டது. அந்தப் போன்களில் எதை அழித்துப் போட்டாலும் பிளே ஸ்டோர் பழையபடி ஆகாது.

"இடம் இல்லைன்னு சொல்லுது, ஆனா ஒண்ணுமே வைக்கல"

8 ஜி.பி. போனில் சிஸ்டமே கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிடும். மிச்சத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டு பேர் எப்போதும் அகப்படுவார்கள். ஒன்று, வாட்ஸ்அப் இமேஜஸ், வீடியோ ஃபோல்டர்களுக்குள் 'சென்ட்' என்று ஒரு உள் ஃபோல்டர். நீங்கள் அனுப்பியதன் நகல்கள் எல்லாம் அங்கே சேர்ந்துகொண்டே போகும். வெளியே எடுத்துவிட்டு அழிக்கலாம். இரண்டாவது, போனோடு வந்த ஆப்கள். அவற்றை நீக்க முடியாது. ஆனால் அவற்றின் அப்டேட் தனி நகலாக நம் இடத்தில் வந்து உட்காரும். நீங்கள் தொடாத ஆப்களில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்து 'டிசேபிள்' செய்யுங்கள், நூற்றுக்கணக்கான எம்.பி. திரும்பக் கிடைக்கும். கூகுள் பிளே சர்வீசஸ் மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.

"பாக்கேஜ்ல பிரச்சினைன்னு வருது"

பிளே ஸ்டோர் இல்லாமல் வெளியிலிருந்து ஏ.பி.கே. ஃபைல் (ஆப்பை நிறுவும் ஃபைல்) வாங்கிப் போடும்போது வருவது. ஒன்று, அந்த ஆப் கேட்கிற ஆண்ட்ராய்டு உங்கள் போனில் இல்லை. அல்லது, 32 பிட் போனில் 64 பிட் ஃபைலைப் போடுகிறீர்கள். அல்லது, ஃபைல் பாதிதான் இறங்கியிருக்கிறது. திருமண அழைப்பிதழ், மின்சாரக் கட்டணம், டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏ.பி.கே. எதையும் தொடாதீர்கள். அவை அழைப்பிதழே அல்ல, ஓ.டி.பி. திருடுகிறவை.

"அப்டேட் போட்டேன், கம்பெனி பேர்லயே நிக்குது"

பெரிய அப்டேட்டுக்குப் பிறகு முதல் முறை எழுந்திருக்கப் பழைய போன் நிறைய நேரம் எடுக்கும். ஆண்ட்ராய்டு 5, 6-இல் "ஆப்களைச் சீராக்குகிறது" என்று எண்ணிக்கொண்டே போகும். சார்ஜரில் போட்டபடி அரை மணி, முக்கால் மணி விடுங்கள். கை சுடுகிற சூடு வந்தாலோ பேட்டரி உப்பி மூடி தூக்கினாலோ மட்டும் உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள்.

அப்புறமும் நின்றால் அணைத்து, பவர் பட்டனையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் பல போன்களில் ரிகவரி மெனு வரும். சிலவற்றில் ஹோம் பட்டனும் சேரும். அங்கே 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அதில் படம் எதுவும் போகாது. அதற்குப் பக்கத்திலேயே 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்' என்று ஒரு வரி இருக்கும். அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். வால்யூம் பட்டனில் ஒரு அழுத்து கூடுதலாகப் போனாலே அந்த வரிக்கு வந்துவிடுவோம். பவர் பட்டனை அழுத்துமுன் எந்த வரி ஒளிர்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

கேஷ் அழித்தும் எழவில்லை என்றால் மென்பொருளையே மறுபடி எழுத வேண்டும், கடைக்காரர் மொழியில் 'ஃபிளாஷ்' அடிப்பது. பேட்டரியின் அடியிலோ பெட்டியிலோ இருக்கும் முழு மாடல் எண்ணைக் கொடுங்கள். கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் ஃபைல் வேறு. தப்பான ஃபைல் ஏறினால் சிக்னலே எடுக்காமல் போகலாம். உள்ளே எடுக்காத படம் இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள், அழிக்காமல் எழுத முடிகிற மாடல்களும் உண்டு.

"ரீசெட் போட்டேன், பழைய ஜிமெயில் கேக்குது"

ஆண்ட்ராய்டு 5.1 முதல் வந்த திருட்டுத் தடுப்பு இது. ரிகவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், முன்பு அந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கைப் போட்டால்தான் உள்ளே விடும். நம் பக்கத்தில் சிக்கல் என்னவென்றால், அந்த ஜிமெயிலை, போன் வாங்கிய அன்றைக்கு மொபைல் கடைக்காரப் பையன்தான் உருவாக்கிக் கொடுத்திருப்பான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கோடு இணைந்த மொபைல் எண் இன்னும் உங்களிடம் இருந்தால், வேறு போனில் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணுக்கு வரும் குறியீட்டை வைத்துப் புதுப் பாஸ்வேர்டு போடலாம். போட்ட கையோடு பழைய போனில் நுழைய முயலாதீர்கள். பாஸ்வேர்டு மாற்றிய உடனே போட்டால் பல நேரம் ஏற்காது, ஒரு நாள் விட்டுப் போடுங்கள். எண்ணும் போய்விட்டது என்றால், போன் வாங்கிய பில்லோடு தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

இன்னும் ரீசெட் போடாதவர்கள் இப்போதே செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் திறந்து, எந்த ஜிமெயில் இருக்கிறது என்று பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரிலேயே எழுதி வையுங்கள். போனை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் போடுங்கள். அப்படிப் போட்டால் வாங்குகிறவரிடம் அது எதையும் கேட்காது.